உஷார்! சர்வீஸ் முடிந்து வந்த லேப்டாப் ஆன் ஆகவில்லையா? பவர் பட்டனிலிருந்து கையை எடுங்கள்!

உங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் சர்வீஸ் முடிந்து வந்து, ஆன் ஆகாமல் கிடக்கிறதா? முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை அமுக்குவதை நிறுத்துங்கள். அப்புறம் மேலே படியுங்கள்.

காலையில் நன்றாக ஓடிய மிஷின். தூசி தட்டக் கொடுத்தோம், ரேம் போடக் கொடுத்தோம், பேட்டரி மாற்றக் கொடுத்தோம். வாங்கி வந்தால் உயிர் இல்லை. அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. பட்டனை இருபது தடவை அமுக்குகிறோம். பக்கத்து வீட்டுச் சார்ஜரை வாங்கிச் செருகுகிறோம். முதுகில் தட்டிப் பார்க்கிறோம். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுகிறோம்.

மிக்ஸி நின்றால் தட்டி, டிவி நின்றால் குத்தி ஓட்டிப் பழகிய கை நம்முடையது. அந்தப் பழக்கத்தை லேப்டாப்பிடம் காட்டாதீர்கள்.

கடையில் வந்த கோளாறு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். அதைப் பெரிதாக்குவது வீட்டில் நாம் படும் அவசரம்.

திருச்செங்கோடு பக்கம் ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த குடும்பம். பெயர் வேண்டாம். பெண் பிள்ளை இன்ஜினியரிங் கடைசி வருஷம். அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். அந்த உழைப்பில் மாதத் தவணை கட்டி வாங்கிய லேப்டாப்.

வீட்டை ஒட்டி விசைத்தறிப் பட்டறை. காற்றில் எப்போதும் பஞ்சு. அது லேப்டாப்பின் வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொண்டது. பங்குனி வெயிலில் மிஷின் கொதித்தது. ஃபேன் இரைந்தது. கடையில் கொடுத்தாள். "கிளீன் பண்ணி பேஸ்ட் மாத்திடறோம் பாப்பா. கூட ஒரு எட்டு ஜி.பி. ரேம் போட்டுக்க, வேகமா ஓடும்" என்றார்கள். சரி என்றாள்.

சாயங்காலம் போய் வாங்கினாள். அவள் கண் முன்னாலேயே ஆன் செய்து காட்டினார்கள். ஓடியது. பையில் வைத்து, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு வந்தாள். வழி நெடுக ரோடு பெயர்ந்து கிடந்தது.

வீட்டில் ஆன் செய்தாள். லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பு.

மறுநாள் காலை ப்ராஜெக்ட் ரிவ்யூ.

பிள்ளைக்குக் கை நடுங்கியது. மறுபடி மறுபடி அமுக்கினாள். பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்தான். பாலிடெக்னிக் படிக்கிறவன். "அக்கா, ரேமை ஒருக்கா கழட்டி மாட்டினா வந்துரும்" என்றான்.

அவன் சொன்னது சரி. செய்த விதம் தப்பு.

சார்ஜர் செருகியபடியே இருந்தது. உள்ளே பேட்டரி இணைப்பும் அப்படியே இருந்தது. பின்மூடியைக் கழற்றினான். ஒரு குட்டி ஸ்க்ரூ கை தவறிப் போர்டு மேல் விழுந்தது. 'சட்' என்று ஒரு பொறி. அதுவரை எரிந்துகொண்டிருந்த லைட்டும் அணைந்தது.

மறுநாள் சேலத்தில் வேறொரு கடை. "போர்டு போயிருச்சுங்க. மாத்தணும்" என்றார்கள். அம்மா தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். வேறு போர்டு போட்டார்கள். ஆன் ஆனது. வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஆனால் திரையில் வந்தது நீல நிறத்தில் ஒரு கேள்வி. 48 இலக்க எண்ணைப் போடு என்றது.

எந்த எண்? யார் கொடுத்த எண்? பிள்ளைக்குத் தெரியாது. லேப்டாப் வாங்கிய அன்று விற்ற கடைக்காரரே தன் மெயிலைப் போட்டு ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம். எண் அவருடைய கணக்கில். ப்ராஜெக்ட், இரண்டு வருஷத்து நோட்ஸ், இறந்துபோன தாத்தாவின் போட்டோக்கள் எல்லாம் பூட்டுக்குள். பூட்டு திறக்கவே இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் பிற்பாடு அழுதுகொண்டே சொன்னான்: "மூடியைத் திறந்தப்பவே பாத்தேன் அக்கா. ரேமோட ஒரு பக்கக் கிளிப்பு மாட்டாம இருந்துச்சு."

ஒரு கிளிப். அதுதான் ஆரம்பக் கோளாறு. அதே கடைக்குத் திருப்பி எடுத்துப் போயிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இது உங்கள் வீட்டிலும் நடக்கலாம்

ஏன் என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பைத் தேற்றி விண்டோஸ் 11 போடுவோம், எஸ்.எஸ்.டி. மாற்றுவோம், ரேம் கூட்டுவோம் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. மாற்றுவது தப்பில்லை. கழற்றுகிற மிஷின் என்ன வகை என்று தெரியாமல் கழற்றுவதுதான் ஆபத்து.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கிறதா? நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் முதன்முதலில் தொட்ட லேப்டாப் அதுதான். அந்தக் காலத்து லேப்டாப்களில் பேட்டரி வெளியே இருக்கும். அடியில் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே பாதிக் கோளாறு தீரும். அந்தப் பாடம் நம் மனசில் பதிந்துவிட்டது.

இன்றைய லேப்டாப்பில் பேட்டரி உள்ளே இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கினாலும் போர்டில் மின்சாரம் நிற்கிறது. பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அதைச் செய்யாமல் ரேமைத் தொட்டாலும் ஆபத்து. ஸ்க்ரூ விழுந்தாலும் ஆபத்து.

நம் பக்கத்து வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மாசி, பங்குனியில் சேலம், நாமக்கல் சமவெளியில் காற்று வறண்டு கிடக்கும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறதே, அதுதான் உடம்பில் சேரும் நிலைமின்சாரம். சுமார் 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் நம் விரலுக்கு அது தெரியும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே எமன். நீங்கள் கொன்றதே உங்களுக்குத் தெரியாது.

முதலில் இதைப் பாருங்கள்: எந்த மாதிரி 'ஆன் ஆகவில்லை'?

'ஆன் ஆகலை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. எது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஒன்று: லைட் இல்லை, சத்தம் இல்லை, எதுவுமே இல்லை. கடைக்காரர்கள் 'நோ பவர்' என்பார்கள். சர்வீஸுக்குப் பிறகு இப்படி வந்தால் பெரும்பாலும் பேட்டரி இணைப்பு சரியாக மாட்டாமல் இருக்கும். அல்லது பவர் பட்டனிலிருந்து போர்டுக்குப் போகிற நாடா மாதிரியான மெல்லிய ரிப்பன் கேபிள், தன் தாழ்ப்பாளுக்குள் உட்காராமல் இருக்கும். சில மாடல்களில் பவர் பட்டன் கீபோர்டோடு சேர்ந்தே வரும். கீபோர்டு ரிப்பன் நழுவினால் பட்டனும் செத்த மாதிரிதான். மிஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டு: லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பு. இது 'நோ டிஸ்ப்ளே'. முதல் சந்தேகம் ரேம். இரண்டாவது சந்தேகம் திரைக்குப் போகிற கேபிள்.

மூன்று: கம்பெனிப் பெயர் திரையில் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை. 'பூட் டிவைஸ் இல்லை' என்கிறது. அல்லது நீலத்திரை வருகிறது. எஸ்.எஸ்.டி. சரியாக மாட்டவில்லை என்று அர்த்தம். அல்லது போர்டில் இருக்கும் குட்டிப் பேட்டரியைக் கழற்றியதால் உள் அமைப்புகள் மாறிவிட்டன என்று அர்த்தம்.

மூன்றில் எதற்கும் முதல் நாளிலேயே 'போர்டு போச்சு' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.

மூடியைத் திறக்காமல் வீட்டில் செய்யக்கூடியவை

இவை மட்டும்தான். இதற்கு மேல் போகாதீர்கள். முன்னதாகக் கீழே இருக்கும் ஆபத்து அறிகுறிகளைப் படியுங்கள். அதில் ஒன்று தெரிந்தாலும் இந்த வேலையே வேண்டாம்.

1. செருகியிருக்கும் எல்லாவற்றையும் எடுங்கள். பென் டிரைவ், மவுஸ், மெமரி கார்டு, சார்ஜர், எல்லாம்.

2. சார்ஜர் இல்லாமல் பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். தங்கி நிற்கும் மின்சாரம் வடியும். ஒரு முறை போதும்.

3. ஐந்து நிமிஷம் கழித்து, அந்த லேப்டாப்போடு வந்த சொந்தச் சார்ஜரைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். ஜங்ஷன் பாக்ஸ் வேண்டாம். உள்ளே பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டிய பிறகு, சார்ஜர் செருகினால்தான் கண் விழிக்கிற லேப்டாப்கள் நிறைய உண்டு. கடைக்காரர் சொல்ல மறந்திருப்பார். நீங்கள் பயந்து போயிருப்பீர்கள்.

4. ரேம் மாற்றியிருந்தால் பொறுங்கள். டி.டி.ஆர்.5 வகைப் புது ரேம் முதல் தடவை தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிஷம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பாதியில் அணைக்காதீர்கள்.

5. திரை கறுப்பாகவே இருந்தால் கீபோர்டில் கேப்ஸ் லாக் அமுக்கிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் மிஷின் உயிரோடு இருக்கிறது, திரையில்தான் கோளாறு. செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் திரையின் பின்விளக்குப் பிரச்சினை. வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. கேபிள் மாட்டிப் படம் வருகிறதா என்றும் பார்க்கலாம்.

6. விளக்கு விட்டு விட்டு மின்னுகிறதா? பீப் சத்தம் வருகிறதா? எண்ணுங்கள். செல்போனில் வீடியோ எடுங்கள். அது மிஷின் தன் வாயால் சொல்லும் நோய். பல டெல் மாடல்களில் ஆரஞ்சு 2 தடவை, வெள்ளை 3 தடவை மின்னினால் ரேம் தென்படவில்லை என்று பொருள். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். அந்த வீடியோவைக் காட்டினாலே தெரிந்த மெக்கானிக் புரிந்துகொள்வார்.

இத்தனைக்கும் வரவில்லையா? நிறுத்துங்கள். அதே கடைக்கு எடுத்துப் போங்கள். வழியில் வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள். வேறொருவர் திறந்த நிமிஷமே, 'நாங்க கொடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு' என்ற பதில் தயாராகிவிடும்.

இவை தெரிந்தால் தொடவே தொடாதீர்கள்!

• அடிப்பக்கம் உப்பியிருக்கிறது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூடி சரியாக மூடவில்லை. பேட்டரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடாதீர்கள். அமுக்கித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. பேட்டரி கிழிந்தால் தீ.

• கருகல் வாடை. அல்லது பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு இனிப்பு வாடை.

• அணைந்து கிடக்கும்போதே ஒரு இடம் மட்டும் சுடுகிறது.

• சார்ஜர் பின்னை லேப்டாப்பில் செருகியதும் சார்ஜரின் சொந்த விளக்கு அணைந்துபோகிறது. எடுத்தால் மறுபடி எரிகிறது. உள்ளே ஷார்ட் இருக்கலாம். இரண்டாவது தடவை செருகிப் பார்க்காதீர்கள்.

• மெதுவாகச் சாய்த்தால் உள்ளே 'கலகல' என்று ஏதோ உருளுகிறது. கழன்ற ஸ்க்ரூ. அது எங்கே போய் எதைத் தொடும் என்று யாருக்கும் தெரியாது.

• கை வைக்கும் இடத்தில் புதிதாக ஒரு முண்டு. குட்டையான ஸ்க்ரூ போக வேண்டிய ஓட்டையில் நீளமானதை முறுக்கியிருக்கிறார்கள். அது போர்டின் நரம்புகளையே கிழிக்கும்.

• ஆன் ஆகிறது, ஃபேன் சத்தமே இல்லை, கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறது. ஃபேன் வயரை மாட்ட மறந்திருக்கலாம். ஒவ்வொரு தடவை நீங்கள் ஆன் செய்யும்போதும் உள்ளே வேகிறது.

பேட்டரி விஷயத்தில் 'நல்ல கம்பெனிதானே' என்று நினைக்காதீர்கள். 2006-இல் டெல் கம்பெனியே தீப்பிடிக்கும் அபாயம் என்று 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்ப வாங்கியது. அவை சோனி தயாரித்தவை. அவ்வளவு பெரிய பெயர்களுக்கே அந்த நிலை என்றால், கடையில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத பேட்டரியை என்ன சொல்வது?

வீங்கிய பேட்டரியோடு இருக்கும் லேப்டாப்பை மெத்தையில், புத்தக அலமாரியில் வைக்காதீர்கள். சிமென்ட் தரையில், பக்கத்தில் துணியோ காகிதமோ இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பையில் போடாதீர்கள். பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி பழைய பேட்டரியைச் சேகரிக்க வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். புகை வந்தால் குனிந்து பார்க்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். தீயணைப்பு எண் 101-க்கு அடியுங்கள்.

அப்புறம், பரண்மேல் கிடக்கிறதே பழைய இலவச லேப்டாப்? அதையும் இன்றைக்கே இறக்கிப் பாருங்கள். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த பேட்டரியும் வீங்கும்.

பஞ்சர் கடைக் காற்று வேண்டவே வேண்டாம்!

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லாரிப் பட்டறையும் பஞ்சர் கடையும் நிறைந்த ஊர் நம்முடையது. 'தூசிதானே, கம்ப்ரசர்ல ஒரு அடி அடிச்சா போச்சு' என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

லாரி டயருக்கு 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கிற கம்ப்ரசர் அது. அதன் தொட்டியில் தண்ணீர் சேரும். எண்ணெய்ப் பசையும் கலந்திருக்கும். அடிக்கும் காற்றோடு அந்த ஈரம் போர்டு முழுக்கப் படியும். அந்த வேகத்தில் குட்டி ஃபேன் தன் சக்திக்கு மேல் சுற்றி அச்சு தேயும். சுற்றுகிற மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்குள் திருப்பி அனுப்பவும் கூடும். தூசி போகும். கூடவே லேப்டாப்பும் போகும்.

கோழிப்பண்ணைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தீவனத் தூசி. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் பஞ்சு. ஜவ்வரிசி ஆலைப் பக்கம் மாவு. சுத்தம் செய்யத்தான் வேண்டும். தெரிந்தவர் கையால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, தூரிகையால் செய்ய வேண்டும். தண்ணீர்த் துணி கூடாது. அழுக்கு ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும்.

அந்த 48 இலக்கம்: இன்றிரவே எழுதி வையுங்கள்

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில், நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததும் உள்ளிருக்கும் எல்லாக் கோப்புகளும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். திருடன் கையில் போனால் அவன் திறக்கக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான். பூட்டின் சாவி போர்டில் இருக்கும் ஒரு சிப்பில். நாள்தோறும் அதுவே சத்தமில்லாமல் திறந்துவிடும். அதனால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது.

போர்டை மாற்றினால் சிப்பும் மாறும். உள் அமைப்பு கலைந்தாலும் சந்தேகம் வரும். அப்போது மாற்றுச் சாவியைக் கேட்கும். அதுதான் 48 இலக்க ரெகவரி கீ. அது இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் கோளாறில் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கினவே, அன்று பெரிய பெரிய அலுவலகங்களே இந்தச் சாவியைத் தேடி அலைந்தன. நம் பிள்ளைகள் எந்த மூலைக்கு?

செட்டிங்ஸில் 'பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி' திறந்து, 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை எடுங்கள். காகிதத்தில் எழுதுங்கள். ரேஷன் கார்டும் பத்திரமும் வைக்கிற இடத்தில் வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைப்பது, பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டுவது போல.

முக்கியமாக, அந்தக் கணக்கு உங்கள் பெயரில்தான் இருக்கிறதா? விற்ற கடைக்காரர், அண்ணன், சிநேகிதன் யாருடைய மெயிலாவது இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கடையில் கொடுக்கும் முன்

கோப்புகளை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுங்கள். காப்பி எடுக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

ரசீது கேளுங்கள். அதில் சீரியல் எண், கொடுத்த வேலை, கொடுக்கும்போது ஓடிக்கொண்டிருந்தது என்ற வரி, தேதி எல்லாம் இருக்கட்டும். ஓடுவதை ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பழைய உதிரியைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் எட்டு ஜி.பி. ரேமை எடுத்துவிட்டு நாலு போட்டாலும் கேட்காமல் தெரியாது.

வாங்கும்போது ஆன் ஆவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கால் மணி நேரம் கடையிலேயே ஓட்டுங்கள். முழுக்க அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். ஃபேன், சார்ஜ், கீபோர்டு, வைஃபை, கேமரா பாருங்கள். அடியில் எல்லா ஸ்க்ரூவும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அந்தப் பிள்ளை இதைச் செய்திருந்தால், மாட்டாத கிளிப் கடையிலேயே மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சொந்தப் படங்கள் உள்ள மிஷினைப் பாஸ்வேர்டோடு விட்டுவிட்டு வராதீர்கள். கண்ணு, கூச்சப்படாமல் கேள்: "நான் இருக்கும்போதே செஞ்சு குடுங்கண்ணா." தவறில்லை.

பதற்றத்தில் போன் போடாதீர்கள்

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றதும் செல்போனில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுகிறோம். முதலில் கண்ணில் படும் எண்ணுக்கு அடிக்கிறோம். அங்கேதான் வலை விரித்திருக்கிறார்கள். இனிமையாகப் பேசுவார்கள். பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்பார்கள். செல்போனில் ஒரு ஆப் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றினால் உங்கள் திரை அவர்கள் கண்ணில். வங்கிக் கணக்கு காலி.

எண்ணை லேப்டாப் வாங்கிய பெட்டியிலோ, பில்லிலோ, கம்பெனியின் சொந்தத் தளத்திலோ மட்டும் பாருங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மறிப்பது கடினம்.

கடை கைவிரித்தால்?

சத்தம் போடாதீர்கள். ரசீதைக் காட்டுங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேலத்திலும் இருக்கிறது, நாமக்கல்லிலும் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு குறையாகச் செய்த வேலை சேவைக் குறைபாடு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கையில் ரசீது இல்லை என்றால் இதெல்லாம் ரொம்பக் கஷ்டம்.

அந்தத் திருச்செங்கோட்டுப் பிள்ளை ராத்திரி பகலாக உட்கார்ந்து ப்ராஜெக்டை மறுபடி செய்தாள். ரிவ்யூவுக்கு வேறு தேதி கிடைத்தது. அம்மாவின் தோடு இன்னும் அடகில். தாத்தாவின் போட்டோக்கள் திரும்பி வரவில்லை. இனி வரவும் போவதில்லை.

உங்கள் வீட்டில் லேப்டாப் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் இதுதான் நேரம். எழுந்து போங்கள். காப்பி எடுங்கள். அந்த 48 எண்களை நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்:

ஆன் ஆகவில்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கு, கையை எடு, என்னைக் கூப்பிடு.